பழைய வண்டிக்கு ஏற்ற எஞ்சின் எது?

(ஆரியசாலையில் நடந்த சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழா என்றால் இலக்கியம் பேசுவதே வழக்கம். எனக்கு நிர்வாகிகள் அளித்திருக்கும் பொருளோ எண்ணெயும் கரியும் படிந்தது. பழைய பிக்-அப் வண்டிக்கு எந்த எஞ்சினும் எந்தக் கியர்ப்பெட்டியும் பொருந்தும் என்பதைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். முன்வரிசைத் தாய்மார்கள் சிலரின் முகத்தில் ஏமாற்றம் தெரிகிறது. எனினும், பட்டறைக்காரருக்குப் பணம் எண்ணிக் கொடுக்கும் வேளையில் "எதற்கு இவ்வளவு?" என்று கேட்கிறவர்கள் அவர்களே ஆகையால், அவர்களும் கேட்டிருப்பது நலம்.

ஆரியசாலையும் அதை அடுத்த சாலைக் கடைத்தெருவும் சுமையால் வாழும் இடங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியையொட்டித் திவான் ராஜா கேசவதாஸ் கடைத்தெருவை அமைத்த நாள்தொட்டு, கோட்டாற்றிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் சரக்கு வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. முதலில் மாட்டு வண்டி சுமந்தது. பிறகு மோட்டார் சுமந்தது. அந்த மோட்டார்களுள் சில, டாட்ஜ் என்றும் ஃபார்கோ என்றும் வில்லிஸ் என்றும் பெயர் தாங்கி, நம்மவர் கிடங்குகளில் தார்ப்பாய்க்கு அடியில் இன்னும் நிற்கின்றன. பாட்டனார் வாங்கியது, விற்க மனமில்லை, ஓட்டவும் வழியில்லை. பேரன் ஒருவன் பொறியியல் படித்துவிட்டு வந்து, "எஞ்சினை மாற்றிவிட்டால் ஓடும்" என்கிறான். அண்ணன், "மாற்றினால் அது தாத்தா வண்டியா?" என்கிறார். இவ்வாறு ஒரே வீட்டில் இரண்டு கட்சி உண்டாகிவிடுகிறது.

ஒரு கம்பெனியின் சட்டத்தில் வேறொரு கம்பெனியின் எஞ்சினை ஏற்றுவது ஏதோ இழிவான ஒட்டுவேலை என்று சிலர் எண்ணுகிறார்கள். அவ்வாறன்று. நம் திருவனந்தபுரத்து அரசுப் பேருந்தே அந்த முறையில்தான் பிறந்தது. திருவிதாங்கூர் அரசு 1937இல் லண்டன் போக்குவரத்து வாரியத்திலிருந்து இ. ஜி. சால்ட்டர் என்பாரை வரவழைத்து, போக்குவரத்துத் துறையை அவரிடம் ஒப்படைத்தது. இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான சட்டங்களில் இருந்தவை பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்கள். அவற்றின்மேல் உடற்பகுதியை நம் ஊர்த் தொழிலாளரே கட்டினர். 1938 பிப்ரவரி 20ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா சேவையைத் தொடங்கி வைத்தார். முதன்முதலில் அரசு வண்டி ஓடிய பெருவழி, திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குச் செல்வது. நம்முள் பலரின் பாட்டன்மார் சரக்கோடு வந்த வழியும் அதுவே.

அந்தப் பெர்க்கின்ஸ் கம்பெனி, 1932இல் பீட்டர்பரோ நகரில் ஃபிராங்க் பெர்க்கின்ஸ், சார்லஸ் சாப்மன் ஆகிய இருவர் முயற்சியால் தோன்றியது. அக்காலத்து டீசல் எஞ்சின்கள் பளுவானவை, மெதுவாகச் சுற்றுபவை. விரைவாகச் சுற்றக்கூடியதும், பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்திலேயே உட்காரக்கூடியதுமான டீசல் எஞ்சினைச் செய்யவேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். ஆழ்வார்திருநகரியைச் சேர்ந்த எஸ். அனந்தராமகிருஷ்ணன் அவர்கள் தலைமையில் இருந்த சென்னை சிம்ப்சன் கம்பெனி, 1950களில் இந்த எஞ்சின்களை நம் நாட்டிலேயே உருவாக்கத் தொடங்கியது. பம்பாய் பிரீமியர் கம்பெனியின் டாட்ஜ், ஃபார்கோ லாரிகளில் ஆறு சிலிண்டர் கொண்ட ‘பி6’ ஏறியது. பெட்ரோல் லாரி வைத்திருந்தவர்களும் ஒருவரைப் பார்த்து ஒருவர் டீசலுக்கு மாறினார்கள். ஆகவே, எஞ்சின் மாற்றம் நமக்குப் புதிதன்று. அளந்து மாற்றுவதா, மனம்போனபடி மாற்றுவதா என்பதுதான் கேள்வி.

எஞ்சினைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை குதிரைச் சக்தி?" என்பது. நான் கேட்கச் சொல்லும் முதற்கேள்வி, "நிமிடத்திற்கு எத்தனை சுற்று?" என்பது. அதைச் சற்று விரித்துரைக்க அனுமதி வேண்டுகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 1950ஐ ஒட்டிய காலத்து அரை டன் டாட்ஜ் பிக்-அப் ஒன்று. பின் ஆக்ஸிலின் கிரவுனும் பினியனும் 4.1க்கு 1 என்ற விகிதம். அதாவது, எஞ்சினிலிருந்து பின்னோக்கி வரும் ஷாஃப்ட் 4.1 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். டயரின் உயரம் 28 அங்குலம் என்று கொண்டால், சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.2 மீட்டர் நகரும். கணக்கிட்டுப் பாருங்கள்: டாப் கியரில் எஞ்சின் நிமிடத்திற்கு 1,000 சுற்றுச் சுற்றினால் வண்டி மணிக்கு ஏறக்குறைய 33 கிலோமீட்டர் செல்லும்; 2,000 சுற்றில் 65 கிலோமீட்டர். அந்த வண்டியின் பழைய பெட்ரோல் எஞ்சின் 3,600 சுற்று வரை தாளும். எனவே அதற்கு அந்த ஆக்ஸில் போதுமானது.

இப்பொழுது அதே வண்டியில், மலிவாகக் கிடைத்தது என்று ஒருவர் டிராக்டர் எஞ்சினை ஏற்றிவிடுகிறார். டிராக்டர் எஞ்சின்கள் பலவும் 2,000 சுற்றை ஒட்டியே தம் முழு வலிமையையும் காட்டிவிடும். அதற்குமேல் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி விடாது. ஆகவே மணிக்கு 65 கிலோமீட்டரில் வண்டி "இனி என்னால் ஆகாது" என்று அலறும். பாலராமபுரம் தாண்டுவதற்குள் நமக்குப் பின்னால் பேருந்துகள் வரிசை கட்டி ஒலி எழுப்பும். எஞ்சின் மோசம் என்று உரிமையாளர் குறைபட்டுக்கொள்வார். எஞ்சின் நல்ல எஞ்சின்தான். ஆக்ஸிலுக்கும் அதற்கும் பொருத்தம் பார்க்கவில்லை, அவ்வளவே. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம், எஞ்சினுக்கும் ஆக்ஸிலுக்கும் ஒரு பொருத்தமாவது பார்க்க வேண்டாமா?

இதற்கு இரண்டு வழி உண்டு. ஆக்ஸிலின் பற்சக்கரங்களை மாற்றி விகிதத்தை 3.5 ஆக்கலாம். அப்போது 2,000 சுற்றில் மணிக்கு 76 கிலோமீட்டர் கிடைக்கும். ஆனால் எல்லாக் கியரிலும் இழுவை ஏழில் ஒரு பங்கு குறையும். ஏற்றத்தில் சுமையோடு புறப்படும்போது அந்தக் குறை தெரியும். மற்றொரு வழி, ஐந்தாவது கியர் ‘ஓவர்டிரைவ்’ ஆக அமைந்த கியர்ப்பெட்டியைத் தேர்ந்தெடுப்பது. ஐந்தாவது கியரின் விகிதம் 0.85 என்றால், 4.1 என்ற ஆக்ஸில் அந்தக் கியரில் மட்டும் 3.5 போல நடந்துகொள்ளும். முதல் கியரின் இழுவையோ சிறிதும் குறையாது. சமவெளிக்கு வேகமும் மலைக்கு வலிமையும் ஒரே பெட்டியில் கிடைத்துவிடுகின்றன. ஆதலால், கியர்ப்பெட்டியை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற எஞ்சினைத் தேடுங்கள் என்பது என் கருத்து. இயன்றவரை எஞ்சினையும் அதனோடு பிறந்த கியர்ப்பெட்டியையும் பிரிக்காமல் சேர்த்தே வாங்குங்கள். இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வாங்கி, நடுவில் லேத்துப் பட்டறையில் தட்டு ஒன்று கடைந்து இணைத்தால், அந்தத் தட்டின் மையம் மயிரிழை விலகினாலும் கிளட்சும் கியர்ப்பெட்டியின் முன் பேரிங்கும் அடிக்கடி போகும்.

இழுவையைப் பற்றி மற்றொன்று. டீசல் என்றாலே இழுக்கும், பெட்ரோல் என்றால் இழுக்காது என்பது நம்மிடையே வேரூன்றிப்போன எண்ணம். எண்கள் வேறு சொல்லுகின்றன. நான் சொன்ன டாட்ஜின் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் 95 குதிரைச் சக்தி உடையது. அதன் முறுக்கு விசை, மெதுவாகச் சுற்றும் 1,200 சுற்றிலேயே ஏறக்குறைய 24 கிலோகிராம்-மீட்டர். மகிந்திரா ஜீப்புகளில் வந்த பெஜோ டீசல் எஞ்சின், 2,112 சி.சி., 62 குதிரைச் சக்தி. அதன் முறுக்கு விசை 12 கிலோகிராம்-மீட்டரைச் சற்றே தாண்டும். பாதிதான்! செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு ஏறித் தென்மலை, குளத்துப்புழை, நெடுமங்காடு வழியாக நம் ஊருக்கு வருகிறீர்கள் என்று வையுங்கள். சரக்கோடு வண்டி இரண்டரை டன். பதினைந்து அடிக்கு ஓரடி உயரும் ஏற்றம். அந்த ஏற்றத்தைப் பழைய பெட்ரோல் எஞ்சின் டாப் கியரிலேயே மூச்சிரைக்காமல் ஏறிவிடும். ஜீப்பின் சிறிய டீசல் எஞ்சினோ கீழ்க் கியருக்கு இறங்கித்தான் ஏறும். ஏறும் என்பதில் ஐயமில்லை. எண்ணெய்ச் செலவும் மிகக் குறைவு. ஆனால் "டீசல் போட்டேன், முன்னைக்கு இப்போது இழுவை இல்லையே" என்று பிறகு வருந்துவதில் பொருளில்லை. சிலிண்டரின் கொள்ளளவு பாதியானால் இழுவையும் ஏறக்குறையப் பாதியாகத்தானே ஆகும்?

சரி, கடையில் கிடைப்பவை எவை? நான்கைந்தைச் சொல்லி விரைவாக மேலே செல்கிறேன். மகிந்திராவின் 2,523 சி.சி. டீசல், உழைப்பாளி, 3,200 சுற்றை ஒட்டி நின்றுவிடும், ஓசையும் அதிர்வும் மிகுதி, உதிரிகள் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். பெஜோ டீசல் 4,500 சுற்று வரை செல்லுமாகையால் பழைய ஆக்ஸிலை மாற்றவேண்டியதில்லை, உதிரிகளைத் தேடவேண்டும். மெர்சிடிஸ் உரிமத்தில் பிறந்து டெம்போ டிராக்ஸ் வண்டிகளில் வந்த டீசல் எஞ்சின் நெடுநாள் உழைப்பது. பழைய அமெரிக்கக் கார்களில் டெம்போ எஞ்சின்களை ஏற்றி ஓட்டியவர்கள் நம் நாட்டில் பலர். பெட்ரோலே வேண்டும் என்பார்க்கு, 1990களில் அம்பாசடரில் வந்த 1,817 சி.சி. இசுசு எஞ்சினும் அதனோடு வந்த ஐந்து கியர்ப் பெட்டியும் இணக்கமானவை. அவ்வண்டியின் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது; நல்ல நிலையில் ஒன்று கண்ணில் பட்டால் தாமதிக்க வேண்டாம். ‘பி6’ லாரிக்கு உரியது. பிக்-அப் வண்டியின் முன் ஸ்பிரிங்குகளும் அச்சும் அதன் பளுவைத் தாங்கா. யார் சொன்னாலும் அதை ஏற்றாதீர்கள்.

எஞ்சின் உட்கார்ந்துவிட்டது, கியர்ப்பெட்டியும் பொருந்திவிட்டது என்று தேங்காய் உடைப்பதற்கு முன் கவனிக்க வேண்டிய சில செய்திகள் உண்டு. பட்டறைகள் பெரும்பாலும் மறப்பவை இவையே.

அந்தக் காலத்து டாட்ஜ், ஃபார்கோ வண்டிகள் பலவற்றில் கைப்பிரேக் பின்சக்கரத்தில் இல்லை. கியர்ப்பெட்டியின் பின்முனையில் ஒரு டிரம்மாக அமைந்திருக்கும். பழைய கியர்ப்பெட்டியைக் கழற்றி எறிந்தால் கைப்பிரேக்கும் அதனோடு போய்விடும்! புதிய பெட்டி வந்த பிறகு, கைப்பிரேக் இல்லாமலே வண்டியை மேட்டில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைக்கும் ஓட்டுநர்களைக் கண்டிருக்கிறேன். குழந்தைகள் விளையாடும் காலனியில் அது எத்துணை ஆபத்து என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. பின்சக்கரங்களுக்குக் கம்பி இழுத்துப் புதிய கைப்பிரேக் அமைப்பது, எஞ்சின் வேலையின் ஒரு பகுதி என்றே தொடக்கத்தில் பேசி முடித்துவிட வேண்டும்.

மழைத் துடைப்பான் அடுத்தது. பழைய வண்டிகள் பலவற்றில் அது மின்சாரத்தால் ஓடுவதன்று. பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் வெற்றிட இழுப்பால் ஓடுவது. டீசல் எஞ்சினில் அந்த வெற்றிடம் இல்லை. இடவப்பாதி மழையில் நடுவழியில் இதைக் கண்டுபிடிப்பது இன்பமான அனுபவமாக இராது. மின்சாரமும் அப்படித்தான். பழைய அமெரிக்க வண்டிகளில் 6 வோல்ட் பாட்டரி, அதிலும் பலவற்றில் நேர்முனை சட்டத்தோடு இணைந்தது. டீசல் எஞ்சினைச் சுழற்ற 12 வோல்ட் வேண்டும். அப்போது விளக்கு, ஒலிப்பான், அளவுமானி எல்லாம் மாறவேண்டும். எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி முன் அச்சில் இடிக்கிறதா என்பதை, வெறும் வண்டியில் மட்டுமன்று, நான்கு பேரை முன்னால் ஏற்றி ஸ்பிரிங் அமுங்கிய நிலையிலும் பார்க்கவேண்டும். ஷாஃப்டின் நீளம், ரேடியேட்டர், ஸ்பீடாமீட்டர்க் கம்பி ஆகியவற்றைப் பட்டறைக்காரர் தாமே பார்த்துக்கொள்வார்.

இனி, வீட்டில் உண்டான இரண்டு கட்சிக்கு வருவோம். மாற்றவே வேண்டாம் என்னும் அண்ணனின் பக்கத்திலும் வலிமையான நியாயம் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதி வகுத்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்திற்கான இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளை, ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட தனி எண்ணில் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். ஆனால் நிபந்தனை கடுமையானது: வண்டி தன் மூல வடிவிலேயே இருக்கவேண்டும், சட்டத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அன்றாடம் ஓட்டவும் வாணிகத்திற்கு ஓட்டவும் இயலாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு மட்டுமே. ஆகவே பாட்டனார் வண்டியில் பாட்டனார் காலத்து எஞ்சினே இன்னும் இருந்தால், அதைக் கழற்றுமுன் பலமுறை எண்ணுங்கள். கழற்றிய மறுநாளே அந்தத் தகுதி போய்விடும்.

அந்தப் பழைய எஞ்சினைப் புதுப்பிப்பது முடியாத செயலும் அன்று. சிலிண்டரைப் போரிங் செய்து, பிஸ்டனும் பேரிங்கும் மாற்றினால் இன்னுமொரு தலைமுறை ஓடும். ஈயமில்லாப் பெட்ரோல் வால்வு இருக்கைகளைத் தின்றுவிடும் என்று அஞ்சுவார்கள். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டிலேயே ஈயம் போய்விட்டது, டாட்ஜ் எஞ்சின்களின் வெளியேற்று வால்வு இருக்கைகள் கடின உலோகத்தால் ஆனவை, அஞ்சவேண்டா. நான் அஞ்சுவது எத்தனாலுக்கு. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் கெடுக்கும். ஈரத்தை இழுத்து, நெடுநாள் நிற்கும் வண்டியின் தொட்டியைத் துருவாக்கும். எத்தனால் தாங்கும் குழாயும் சவ்வும் மாற்றி, மாதம் ஒருமுறையேனும் வண்டியை ஓட்டினால் போதும்.

பாட்டனார் காலத்திலேயே பெட்ரோல் எஞ்சின் போய் டீசல் ஏறிவிட்ட வண்டிகள் ஒரு தனி வகை. இவற்றில் மூல வடிவம் ஏற்கெனவே இல்லை. எனவே பேரனின் கட்சியே சரி, ஓடும் வண்டியாக ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தத் தடையை அழுத்தமாக உறுதி செய்தது. ஆகவே பதிவுப் புத்தகத்தில் எந்த எஞ்சின் எழுதப்பட்டிருக்கிறதோ அதே வகையைத் தேடுவதே முதல் வழி. வேறு வகைதான் வேண்டுமென்றால், போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி எழுத்தில் கைக்கு வரும்வரை பட்டறைக்கு ஒரு ரூபாயும் முன்பணம் தரவேண்டாம். "வேலை முடியட்டும், புத்தகத்தில் நான் ஏற்றித் தருகிறேன்" என்று சொல்லும் தரகரை நம்பினால், விபத்து ஒன்று நேரும் நாளில் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்விக்கே நம்மிடம் விடை இராது.

இளைஞர்களுக்கு ஒரு வேலை தந்து அமர்கிறேன். உங்கள் வீட்டு வண்டியின் ஆக்ஸில் விகிதத்தை அறியப் பட்டறைக்குப் போகவேண்டியதில்லை. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கியரை நியூட்ரலில் விடுங்கள். பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் உறுதியான தாங்கி கொடுங்கள். மற்றது தரையிலேயே இருக்கட்டும். ஷாஃப்டிலும் தூக்கிய சக்கரத்திலும் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றியதோ அதுவே விகிதம். அப்படியே சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணைத் துருப் போகத் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து, பதிவுப் புத்தகத்து எண்ணோடு ஒத்துப் பாருங்கள். இரண்டையும் குறித்துக்கொண்டு வந்தால், அடுத்த மாதக் கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து ஒவ்வொரு வண்டிக்கும் கணக்குப் போடலாம்.